குருத்தோலை ஞாயிறு நாடகத்துக்கு வசனமும் ஒத்திகையும் என் பொறுப்பு: எங்கிருந்து தொடங்குவது?

கேட்டவர்: புதிய தன்னார்வலர், பாளையங்கோட்டை

அனைவருக்கும் ஸ்தோத்திரம். திருமணத்துக்குப் பின் பாளையங்கோட்டைக்கு வந்து, இங்குள்ள சி.எஸ்.ஐ. திருச்சபையின் சேகரம் (சபை வட்டாரம்) ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். ஞாயிறு பள்ளிக்கு ஏதாவது உதவி செய்ய இயலுமா என்று சேகர குருவானவரின் துணைவியார் கேட்டபோது, பாடம் நடத்துவதைவிட எழுதுவதில்தான் எனக்குப் பழக்கம் அதிகம் என்றேன். உடனே வாலிபர் ஐக்கியத்தின் நாடகக் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். குருத்தோலை ஞாயிறு மாலையில் ஆலய வளாகத்தில் நடக்கும், இயேசுவின் பாடுகளின் (துன்பங்களின்) நாடகத்துக்கு வசனத்தைச் சீர்செய்து கொடுப்பதும், லெந்து என்னும் தவக்கால நாட்கள் முழுவதும் ஒத்திகைக்குத் துணையிருப்பதும் இப்போது என் பொறுப்பில் இருக்கின்றன. மனமுவந்துதான் ஏற்றுக்கொண்டேன். ஆனால் நான் மேடை ஏறியவள் அல்லள். நாடகம் நடத்திய அனுபவமும் கிடையாது.

குழுவினர் என்னிடம் கொடுத்தது, பலமுறை நகலெடுத்து எழுத்து மங்கிப்போன ஒரு கையெழுத்துப் பிரதி. அதில் இயேசு கெத்செமனே தோட்டத்தில் ஏறக்குறைய இரண்டு பக்கம் பேசுகிறார். சேவகர்கள் இருவர் சிரிப்புக்காகவே சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். யூதாஸ் நெடுநேரம் புலம்பி, மேடையிலேயே தூக்கிட்டுக்கொள்கிறான். சபை மக்கள் ஆவலோடு எதிர்பார்ப்பது அந்தக் காட்சியைத்தான் என்றும், அதை நீக்கினால் வருத்தம் வரும் என்றும் சொல்கிறார்கள். மறுபுறம், ஆலய வளாகத்தில் வேடம் கட்டி ஆடுவதே தகாது என்று எண்ணும் மூப்பர்களும் இருக்கிறார்கள்.

இன்னொரு கவலை என் மனத்தை அதிகம் உறுத்துகிறது. சென்ற ஆண்டு யூதாஸாக நடித்த பள்ளி மாணவனை அவனுடைய தெருவில் இன்றுவரை 'முப்பது வெள்ளி' (இயேசுவைக் காட்டிக்கொடுக்க யூதாஸ் வாங்கிய கூலி) என்றே கூப்பிடுகிறார்களாம். இந்த ஆண்டு அந்த வேடத்தை ஏற்க ஒருவரும் முன்வரவில்லை. இயேசுவின் வேடமோ ஆண்டுதோறும் ஒரே குடும்பத்துக்குப் போகிறது என்ற மனக்குறையும் காதில் விழுகிறது.

வேதத்தில் இல்லாத வசனத்தை எழுத நமக்கு எவ்வளவு உரிமை உண்டு? வேடங்களை எவ்வாறு பகிர்ந்தளிப்பது? ஒத்திகை தொடங்குமுன் நான் என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டும்? இந்த ஊழியத்தில் அனுபவமுள்ளவர்கள் எடுத்துச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

---

பதில்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நாசரேத்

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரிக்கு,

கையெழுத்துப் பிரதியைச் சில நாட்களுக்கு மூடி வைத்துவிடுங்கள். மத்தேயு 26, 27, மாற்கு 14, 15, லூக்கா 22, 23, யோவான் 18, 19 ஆகிய எட்டு அதிகாரங்களையும் அருகருகே வைத்து, ஒவ்வொரு சம்பவமும் எந்தச் சுவிசேஷத்தில் இருக்கிறது, எதில் இல்லை என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வேலையை முடித்தபின் உங்கள் கேள்விகளில் பாதி தாமாகவே தீர்ந்துவிடும். பிலாத்துவின் மனைவி சொல்லியனுப்பிய செய்தி மத்தேயுவில் மட்டும் இருக்கிறது. இயேசு ஏரோதிடம் அனுப்பப்பட்டதை லூக்கா மட்டும் சொல்கிறார். துப்பட்டியை விட்டுவிட்டு ஓடிப்போன வாலிபனை மாற்கு மட்டும் காட்டுகிறார். சிரேனே ஊரானாகிய சீமோனை, அலெக்சந்தருக்கும் ரூப்புக்கும் தகப்பன் என்று அடையாளம் சொல்வதும் மாற்குதான். நாடகத்துக்கு உயிர் கொடுக்கும் நுட்பங்கள் வேதத்திலேயே இத்தனை கிடக்க, அவற்றை விட்டுவிட்டுத் திரைப்பட வசனத்தைத் தேடிப்போக வேண்டிய தேவை நமக்கு இல்லை.

ஒரேயோர் இடத்தை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். இயேசுவைத் தெரியாதென்று பேதுரு மறுதலிக்கும் காட்சி எல்லா நாடகங்களிலும் உண்டு. வேலைக்காரி கேட்பாள், அவன் மறுப்பான், சேவல் கூவும், உடனே அவன் முழங்காலிட்டு நீண்ட பாவ அறிக்கை செய்வான். லூக்கா 22:61-ஐ எடுத்துப் பாருங்கள். 'அப்பொழுது கர்த்தர் திரும்பி, பேதுருவை நோக்கிப்பார்த்தார்' என்றுதான் இருக்கிறது. கர்த்தர் பேசியதாக லூக்கா எழுதவில்லை. பேதுருவும் அங்கே எதுவும் பேசாமல் வெளியே போய் மனங்கசந்து அழுகிறான். மேடையின் ஒரு மூலையில் நெருப்பு, மறு மூலையில் கட்டப்பட்டு நடத்திச் செல்லப்படும் இயேசு, இடையில் வேலைக்காரியும் காவலாளரும் என்று ஆட்களை நிறுத்தி, சேவல் கூவியதும் எல்லாருடைய அசைவையும் நிறுத்திவிட்டு, அந்தப் பார்வைக்கு மட்டும் நேரம் கொடுத்துப் பாருங்கள். இதற்கு ஒரு வரி வசனமும் தேவைப்படாது. ஆனால் ஒத்திகையில் அதிக உழைப்பைக் கேட்கும் காட்சி இதுதான். ஏனெனில் பேசாமல் நிற்க நம் பிள்ளைகளுக்கு யாரும் கற்றுக்கொடுப்பதில்லை.

வசனம் எழுதும் உரிமையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் கைக்கொள்ளும் வரம்பு இது: இயேசு பேசும் வார்த்தைகள் சுவிசேஷத்தில் உள்ளவையாகவே, நம் ஆலயத்தில் வாசிக்கும் மொழிபெயர்ப்பில் உள்ளபடியே இருக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். வேலைக்காரி, வழிப்போக்கர், காவலாளர், கூட்டத்தில் நிற்பவர் ஆகியோருக்கு, கதை நகர்வதற்கு வேண்டிய அளவில் நாம் எழுதிக்கொள்ளலாம். அவர்கள் பேசியதையெல்லாம் சுவிசேஷகர்கள் எழுதி வைத்ததாகச் சொல்லவில்லையே. உங்கள் பிரதியில் கெத்செமனேயில் வரும் இரண்டு பக்கப் பேச்சை இந்த வரம்பின்படி நீக்கிவிடலாம். பிலாத்துவின் முன் 'அவரோ ஒரு வார்த்தையும் மாறுத்தரமாகச் சொல்லவில்லை' என்று மத்தேயு எழுதியிருக்கிறார். அப்படி மௌனமாய் நின்றவரை மேடையில் சொற்பொழிவாளராக மாற்றுவது வேதத்துக்கும் பொருந்தாது, நாடகத்துக்கும் வலுவூட்டாது.

சேவகர்களின் நகைச்சுவைக் காட்சியை நீக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. சிவப்பான மேலங்கியை உடுத்தி, முட்களால் ஒரு முடியைப் பின்னி வைத்து, கையில் ஒரு கோலைக் கொடுத்து, முழங்காற்படியிட்டு, 'யூதருடைய ராஜாவே, வாழ்க' என்று அவர்கள் பரியாசம் பண்ணினார்கள். சுவிசேஷத்தில் அவர்கள் சிரிக்கும் இடம் அதுதான். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஜனங்கள் அதிர வேண்டிய நேரத்தில், அதே சேவகர்கள் சற்று முன்பு வடிவேலு பாணியில் பேசிக் கைதட்டல் வாங்கியிருந்தால், பரியாசத்துக்கும் கூடவே சிரிப்பார்கள். சிறுபிள்ளைகள் நிச்சயமாகச் சிரிப்பார்கள்.

நாடகமே தகாது என்னும் மூப்பர்களோடு வழக்காட வேண்டாம். ஆனால் பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறீர்கள் என்பதால் ஒன்றை நினைவூட்டுகிறேன். உங்கள் திருநெல்வேலியில் 1774-இல் பிறந்து, மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சாவூருக்கு அழைத்துச் செல்லப்பட்டு வளர்ந்த வேதநாயகம் சாஸ்திரியார், குறத்தியும் சிங்கனும் ஆடிப்பாடும் குறவஞ்சி என்னும் நாடக வடிவத்தையே எடுத்துப் 'பெத்லகேம் குறவஞ்சி'யைப் பாடினார். அவருடைய கீர்த்தனைகளை இன்றும் ஆராதனையில் பாடுகிறோம். மூப்பர்களிடம் இதைப் பணிவாகச் சொல்லி, எழுதி முடித்த வசனத்தை ஒத்திகைக்கு முன்பே குருவானவரிடம் கொடுத்து வாசிக்கச் செய்து, அவருடைய ஒப்புதலோடு தொடங்குங்கள். பின்னால் எழும் பல பேச்சுகளுக்கு அது இடமில்லாமல் செய்துவிடும்.

---

பதில்: வாசாப்பு ஊரான், மன்னார்

இயேசுவுக்குப் புகழ். நான் கத்தோலிக்கன், அதுவும் இலங்கையில் இருப்பவன். ஆயினும் சகோதரியின் கேள்வி எங்களுக்கும் உரியது என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் மன்னார்ப் பகுதியில் புனிதர்களின் வரலாறுகளையும் குழந்தை இயேசுவைக் காண வந்த மூவிராசாக்களின் கதையையும் வாசாப்பு என்னும் பாட்டு நாடகமாகவும் நாட்டுக்கூத்தாகவும் பாடி ஆடும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. யாழ்ப்பாணத்திலே 1965-இல் மரியசேவியர் அடிகளார் தொடங்கிய திருமறைக் கலாமன்றம், தவக்காலத்தில் திருப்பாடுகளின் காட்சிகளைப் பெரிய அளவில் மேடையேற்றி வளர்த்தது. இவற்றில் உழைத்த மிகப் பெரும்பாலோர் கூலி பெறாத சாதாரண மக்கள். பகலில் கடலுக்கும் வயலுக்கும் கந்தோருக்கும் (அலுவலகத்துக்கும்) போய்விட்டு இரவில் ஒத்திகைக்கு வந்தவர்கள்.

கூத்திலே அண்ணாவியார்தான் எல்லாம். பாட்டும் ஆட்டமும் அவர் சொல்லிக் கொடுப்பார். ஆனால் நான் சிறுவயதிலிருந்து கவனித்த ஒன்று உண்டு. எங்கள் ஊர் அண்ணாவியாருக்குப் பக்கத்தில் ஏடு பார்க்கிறவர் ஒருவர் எப்போதும் இருப்பார். யார் எந்த இடத்தில் மறப்பார், யாருக்கு எந்தப் பாட்டின் எடுப்பு வராது, யார் அன்றைக்கு வீட்டில் சண்டை பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். மறந்து நிற்பவனுக்கு முதற்சொல்லை மட்டும் மெல்ல எடுத்துக் கொடுப்பார். முழு அடியையும் சொல்லிவிடமாட்டார். சொல்லிவிட்டால் அடுத்த முறையும் அதே இடத்தில் அவரையே எதிர்பார்ப்பான். சகோதரிக்கு இப்போது கிடைத்திருப்பது அந்த இடம் என்று நினைக்கிறேன். நடித்த அனுபவம் இல்லை என்று தயங்க வேண்டாம். பொறுமையாகக் கேட்கிற காதும், எல்லாருடைய பகுதியும் தெரிந்த மனமும் இருந்தால் இந்த வேலைக்குப் போதும்.

உங்கள் பிரதியில், சிலுவை சுமந்து போகும் இயேசுவின் முகத்தைத் துடைக்கும் வெரோனிக்கா வந்தால் அதைப் பற்றியும் முடிவு செய்துகொள்ளுங்கள். முகம் துடைக்கிற காட்சி எங்கள் சிலுவைப்பாதை வழிபாட்டின் ஆறாம் தலம். நற்செய்தி நூல்களில் அது இல்லை. இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட நல்ல கள்ளனுக்கு வழங்குகிற திஸ்மாஸ் என்ற பெயரும் விவிலியத்தில் உள்ளதன்று. எங்களுக்கு அவை மரபாக வந்தவை, விரும்பி வைத்துக்கொள்கிறோம். உங்கள் சபையில் வேண்டுமா வேண்டாமா என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம்; எது நூலில் உள்ளது, எது மரபில் வந்தது என்பது நடிக்கிறவர்களுக்குத் தெரிந்திருந்தால் நல்லது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது கூட்டக் காட்சியைப் பற்றி. 'இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் இருப்பதாக' என்ற வரி மத்தேயு 27:25-இல் இருக்கிறது. ஐரோப்பாவிலே நூற்றாண்டுக் கணக்காக இந்த வரியைக் காட்டி யூத மக்களைத் துன்புறுத்தினார்கள். செருமனியின் ஓபராம்மர்காவ் என்ற ஊர், 1633-இல் கொள்ளைநோய் வந்தபோது செய்த நேர்த்திக்கடனின்படி, 1634 முதல் பாடுகளின் நாடகத்தை நடத்தி வருகிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை அந்த ஊர் மக்களே நடிக்கிறார்கள். 2020-இல் நடக்க வேண்டியது பெருந்தொற்றினால் 2022-க்குத் தள்ளிப்போயிற்று. உலகம் முழுவதும் புகழ்பெற்ற அந்த நாடகமே யூதரை இழிவாகக் காட்டியது என்ற கண்டனத்துக்கு உள்ளாகி, பல தடவை திருத்தப்பட்டது. இயேசுவின் சாவுக்கு அக்காலத்து யூதர் எல்லார் மேலும், இக்காலத்து யூதர் மேலும் பழி சுமத்தக்கூடாது என்று எங்கள் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

நம் ஊர்களில் யூதர் இல்லையே என்று கேட்கலாம். இங்கே அதே தவறு வேறு உருவத்தில் வருகிறது. கயபாவுக்கும் பிரதான ஆசாரியர்களுக்கும் பக்கத்துக் கோயில் குருக்களைப் போல உடை உடுத்திவிடுகிறார்கள். கள்வர்களுக்கு ஊரில் ஏழைகளாக வாழ்கிற ஒரு பகுதி மக்களின் பேச்சைக் கொடுத்துவிடுகிறார்கள். பார்க்க வருகிறவர்களில் பல சமயத்தவரும் இருப்பார்கள். தயவு செய்து ஒத்திகையின் முதல் வாரத்திலேயே உடையையும் பேச்சு வழக்கையும் இந்தக் கண்கொண்டு பாருங்கள். கூட்டத்தில் நிற்பவர்களாகச் சபையின் எல்லா வயதினரையும், பாடகர் குழுவினரையும், முடிந்தால் மூப்பர்களையும் நிறுத்துங்கள். 'சிலுவையில் அறையும்' என்று கத்துகிறவர்கள் நம்மவர்களே என்பது அப்போது பார்க்கிறவருக்கு விளங்கும்.

---

பதில்: ஞாயிறு பள்ளி ஆசிரியை, நாகர்கோவில்

தங்கையே, யூதாஸ் வேடத்துக்கு மாணவர் யாரையும் இனிமேல் போட வேண்டாம். சபையில் எல்லாரும் மதிக்கும் பெரியவர் ஒருவரிடம், கமிட்டி உறுப்பினராகவோ வாலிபர் ஐக்கியச் செயலராகவோ இருப்பவரிடம், நீங்களும் குருவானவரும் நேரில் போய்க் கேளுங்கள். அவரைத் தெருவில் யாரும் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். கேலிக்கு ஆளான அந்தப் பையனுக்கு இந்த ஆண்டு நல்ல வேடம் ஒன்றைக் கொடுங்கள். அரிமத்தியா யோசேப்பு அல்லது சிரேனே ஊர் சீமோன் பொருத்தமாக இருக்கும். அவனுடைய தாயிடமும் ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.

மாணவர்களை வைத்து லெந்து காலத்தில் ஒத்திகை பார்ப்பதில் நம் ஊரில் ஒரு பெரிய இடைஞ்சல் உண்டு. பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு அதே மார்ச், ஏப்ரல் மாதங்களில்தான் வரும். அந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு வசனம் உள்ள வேடம் கொடுத்தால், அவர்களுக்கும் சங்கடம், பெற்றோருக்கும் சங்கடம், கடைசி வாரத்தில் உங்களுக்கும் சங்கடம். கூட்டத்தில் ஒருவராக நிற்கும் வேடம் கொடுங்கள். தேர்வு முடிந்தபின் வந்து சேர்ந்துகொள்ளட்டும். நாடகக் குழுவிலிருந்து விடுபட்டுப் போனோம் என்ற எண்ணம் அவர்களுக்கு வராது.

ஒத்திகை எங்கே, எத்தனை மணி வரை என்பதை எழுத்திலேயே பெற்றோருக்குத் தெரிவித்துவிடுங்கள். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் பெரியவர்கள் குறைந்தது இருவராவது இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். உடை மாற்றும் அறையை ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக ஒதுக்கி, அங்கே கைப்பேசி கொண்டுபோகக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். பெண்பிள்ளைகளை வீட்டுக்குக் கொண்டுவிடும் பொறுப்பு யாருடையது என்பது ஒவ்வொரு நாளும் தெளிவாக இருக்கட்டும். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-இல் வந்தபின் பள்ளிகள் இவற்றில் விழிப்பாக இருக்கின்றன. சபைகளில் 'நம் பிள்ளைகள்தானே' என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். நம் பிள்ளைகள் என்பதற்காகவே நாம் கண்டிப்பாக இருக்க வேண்டும். புதிதாக வந்தவள் எப்படி இதையெல்லாம் சொல்வது என்று தயங்காதீர்கள். குருவானவரின் துணைவியாரை முன்னிறுத்திச் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்வார்கள்.

இயேசு வேடம் ஒரே குடும்பத்துக்குப் போவதைப் பற்றி: குழுவின் முதல் கூட்டத்திலேயே வேடங்களைப் பிரிக்காமல், விருப்பமுள்ள அனைவரையும் சுவிசேஷப் பகுதியை உரக்க வாசிக்கச் சொல்லி, இரண்டு மூன்று வாரம் அப்படியே போகட்டும். யார் நேரத்துக்கு வருகிறார், யார் பொருள் உணர்ந்து வாசிக்கிறார் என்பது எல்லார் கண்ணுக்கும் தெரிந்துவிடும். அதன்பின் குருவானவர் வேடங்களை அறிவித்தால் மனக்கசப்பு குறையும். முற்றிலும் இல்லாமல் போகாது.

---

பதில்: மேடை ஒலி ஒளிப் பணியாளர், தூத்துக்குடி

வசனத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். பல சபைகளுக்கு மேடை அமைத்துக் கொடுத்தவன் என்ற முறையில், உயிருக்கு ஆபத்து வரக்கூடிய இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

மேடையில் தூக்கிட்டுக்கொள்ளும் காட்சி எந்த வடிவிலும் வேண்டாம். 2012-ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று பிரேசில் நாட்டின் இட்டாரரே என்னும் ஊரில், யூதாஸ் வேடமிட்ட இளைஞர் ஒருவர் இந்தக் காட்சியில் உண்மையாகவே கழுத்து இறுகித் தொங்கினார். அவர் நடிக்கிறார் என்றே பார்த்தவர்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டும் சில நாட்களில் உயிரிழந்தார். இடுப்புப் பட்டை கட்டி, அதில் கயிற்றை இணைத்து, கழுத்தில் பாரம் விழாதபடி செய்யலாம் என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். அவ்வாறு செய்யும்போதும் ஒரு முடிச்சு நழுவினால் முடிந்தது. ஆசிரியர் ஐயா காட்டிய மத்தேயு 27-ஆம் அதிகாரத்திலேயே வழி இருக்கிறது. யூதாஸ் வெள்ளிக்காசைக் கொண்டுவந்து, 'குற்றமில்லாத இரத்தத்தை நான் காட்டிக்கொடுத்ததினால் பாவஞ்செய்தேன்' என்கிறான். அவர்கள், 'எங்களுக்கென்ன, அது உன்பாடு' என்கிறார்கள். அவன் காசை எறிந்துவிட்டு மேடையின் பின்பக்கம் போகிறான், விளக்கு அணைகிறது. இதற்கு மேல் காட்ட வேண்டியதில்லை. காசு சிதறும் ஓசை நன்றாகக் கேட்க வேண்டுமென்றால், மேடைப் பலகையில் அந்த ஓரிடத்தில் மட்டும் விரிப்பை எடுத்துவிட்டு, பழைய பித்தளைத் துண்டுகளை ஒரு சுருக்குப் பையில் போட்டுக் கொடுங்கள். பிளாஸ்டிக் காசு ஓசை தராது.

அடுத்தது சிலுவை. கைகளை விரித்துக் கட்டி, உடலின் முழுப் பாரமும் தோளில் தொங்கினால், சிறிது நேரத்திலேயே மூச்சு வாங்குவது கடினமாகும். ஆகவே கால் ஊன்ற அகலமான கட்டை கட்டாயம் வேண்டும். பாரம் முழுவதும் அதில் நிற்க வேண்டும். கைகளைக் கயிற்றால் இறுக்காமல், நடிப்பவர் தாமே பிடித்துக்கொள்ளவும் விடவும் இயலும்படி துணி வளையம் போடுங்கள். சிலுவை மரத்தின் அடிப்பகுதியைப் போதிய ஆழத்தில் குழியில் நட்டு, பின்பக்கம் இருபுறமும் முட்டுக் கொடுத்து, நடிப்பவரைவிட எடை அதிகமுள்ள ஒருவரை ஏற்றி முதல் நாளே சோதித்துப் பாருங்கள். அவர் மயங்கினாலோ தலைசுற்றினாலோ என்ன சைகை செய்வார் என்பதை முன்கூட்டியே பேசிவைத்து, அந்தச் சைகைக்காக மட்டும் ஒருவரை அருகில் சேவகர் வேடத்தில் நிறுத்துங்கள். லெந்து நாட்களில் உபவாசம் இருந்துவிட்டு வந்து அன்று மாலை சிலுவையில் ஏறுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அன்று அவர் சாப்பிட்டிருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள்.

முள்முடிக்கு உண்மையான கருவேல முள் வேண்டாம்; சணல் கயிற்றைத் திரித்து, ஈர்க்குச்சியைச் செருகி, வர்ணம் பூசினால் தூரத்திலிருந்து வேறுபாடு தெரியாது. சாட்டைக்கு நூல் கயிற்றை எடுத்து, நுனியைச் சிவப்புச் சாயத்தில் தோய்த்துவிட்டால், தொடும்போதே முதுகில் கோடு விழும். ஓங்கி அடிக்க வேண்டிய தேவை இராது. தீப்பந்தம் பிடிப்பவர் அருகில் செயற்கை இழை உடை அணிந்தவர் நிற்கக் கூடாது. மணல் வாளியும் தண்ணீரும் மேடையின் இருபுறமும் இருக்கட்டும்.

ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள். ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள், 2000-இன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. நாடகம் தாமதமாகத் தொடங்கினால் உயிர்த்தெழுதல் வரை போவதற்குள் மணி பத்தாகிவிடும். கடைசிக் காட்சியை ஓட்டமாக ஓட்டுவார்கள். அதனால் தொடங்கும் நேரத்தில் கண்டிப்பாக இருங்கள்.

---

கேட்டவர்: புதிய தன்னார்வலர், பாளையங்கோட்டை

ஐயா, அக்கா, சகோதரர் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. எட்டு அதிகாரங்களையும் அட்டவணையாக எழுதத் தொடங்கிவிட்டேன். பேதுருவை நோக்கிய அந்தப் பார்வையை இத்தனை ஆண்டுகள் வாசித்தும் ஒரு காட்சியாக நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. தூக்குக் காட்சியை நீக்குவது குறித்துக் குருவானவரிடம் பேசினேன். பிரேசிலில் நடந்ததைச் சொன்னவுடன், இனி அது வேண்டாம் என்று அவரே உறுதியாகச் சொல்லிவிட்டார். யூதாஸ் வேடத்துக்கு எங்கள் வாலிபர் ஐக்கியச் செயலரைக் கேட்டிருக்கிறோம். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். மறுக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

ஒரு சந்தேகம் மீதியிருக்கிறது. எல்லா வசனத்தையும் முன்பே ஒலிப்பதிவு செய்து ஓடவிட்டு, நடிப்பவர்கள் வாயசைத்தால் போதும் என்று குழுவில் பலர் விரும்புகிறார்கள். அருகிலுள்ள சேகரங்களிலும் அப்படித்தான் செய்கிறார்களாம். எது நல்லது?

---

பதில்: மேடை ஒலி ஒளிப் பணியாளர், தூத்துக்குடி

திறந்தவெளியும் பெரிய கூட்டமுமாக இருந்தால் ஒலிப்பதிவு வசதியானது என்பதை மறுக்க இயலாது. வசனம் எல்லாருக்கும் ஒரே சீராகக் கேட்கும், மறதியும் வராது. அதன் குறை என்னவென்றால், நடிப்பவர் ஓடும் குரலுக்குப் பின்னால் ஓட வேண்டியிருக்கும். எதிரில் நிற்பவர் தடுமாறினாலும் குரல் காத்திருக்காது. மின்சாரம் ஒரு நொடி நின்று வந்தால் எல்லாரும் சிலைபோல் நிற்பார்கள்.

உங்கள் ஆலய வளாகம் நடுத்தர அளவுடையது என்றால் இரண்டையும் கலந்து செய்யுங்கள். சுவிசேஷ வாசிப்பையும், காட்சிக்குக் காட்சி வரும் அறிமுகத்தையும், கூட்டத்தின் கூச்சலையும், சேவல் கூவுவதையும் பதிவு செய்துகொள்ளலாம். இயேசு, பேதுரு, பிலாத்து, யூதாஸ் ஆகிய நால்வருக்கும் சட்டையில் குத்தும் கம்பியில்லா மைக் கொடுத்து நேரில் பேச விடுங்கள். மைக்கை மேலங்கிக்கு உள்ளே குத்தினால் துணி உரசும் ஓசை வசனத்தை விழுங்கிவிடும். அங்கிக்கு வெளியே, கழுத்துக்குச் சற்றுக் கீழே, அதே நிறத் துணியால் மறைத்துக் குத்துங்கள். இயேசுவின் மேலங்கியைச் சேவகர்கள் கழற்றும் காட்சிக்கு முன் அந்த மைக்கை உள்ளங்கிக்கு மாற்றிக் குத்த ஒருவர் திரைக்குப் பின் தயாராக நிற்க வேண்டும். அதை முழு உடை ஒத்திகையில் செய்து பாருங்கள்.

---

பதில்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நாசரேத்

நேரில் பேசுவதென்றால் உச்சரிப்புக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள், சகோதரி. 'மரணாக்கினை', 'மனஸ்தாபப்பட்டு' போன்ற சொற்களைப் பிள்ளைகள் பொருள் தெரியாமல் ஒப்பித்தால் முகத்தில் உணர்ச்சி வராது. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் சொல்லி, அதை அவர்களுடைய பேச்சு வழக்கில் ஒருமுறை பேச விட்டு, பிறகு வேத வசனத்துக்கு வரச்செய்யுங்கள். ழகர, ளகர, லகர வேறுபாடு மைக்கில் இன்னும் பெரிதாகக் கேட்கும். வசனம் எழுதி முடித்தபின் விருப்பமிருந்தால் இங்கே பகுதி பகுதியாகப் பதிவிடுங்கள். லெந்து தொடங்குமுன் பார்த்துச் சொல்கிறேன்.